நாம போலாமா

உலகங்களைப் படைக்கிறவனுக்கு ஓய்வு என்பது கிடையாது. அவன் வாய் திறந்தால் மலை முளைக்கும், ஆறு திசை மாறும். புருவம் உயர்ந்தால் ஒரு நாட்டுப் படையே மண்ணோடு மண்ணாகும். பிறப்பும் இறப்பும் அவன் உள்ளங்கையில் உருளும் பகடைகள்.

அப்பேர்ப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பழைய வீட்டு வாசலில் நின்று, செருப்பில் ஒட்டிய சேற்றைப் படி விளிம்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். கக்கத்தில் இடுக்கிய பிளாஸ்டிக் பையில் அவர் படைத்த உலகம் இருந்தது. மழைத் தண்ணீர் புகுந்து வரைபடத்தின் மை கரைந்ததில் இரண்டு மலைகளும் ஒரு தலைநகரமும் ஒரே கறையாகியிருந்தன.

எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடச் சொன்னவரும் அவரே. வார நாட்களில் அவர் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில், வருகிற கிளெய்ம்களைப் படித்து நிராகரிக்கிற மேசையில் உட்கார்ந்திருந்தார். 'இதனைத் தாங்கள் விண்ணப்பத்தில் தெரிவிக்கவில்லை' என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு எரிந்த கடை, இடிந்த சுவர், நின்றுபோன இதயம் எதையும் ஒரு கை பார்த்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்தார்.

ஆட்டம் இதுதான். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள். 'சுவரேறிக் குதிக்கிறேன்' என்று ஆடுகிறவர் சொல்ல வேண்டியது. குதித்தாரா, காலை ஒடித்துக்கொண்டாரா என்பதைப் பகடையும் மாஸ்டரும் பார்த்துக்கொள்வார்கள். மாஸ்டரின் மேசையில் ஒரே சட்டம். சொன்னது சொன்னதுதான், சொல்லாதது நடக்கவில்லை. போன வருஷம் பல் டாக்டரம்மாவின் வீராங்கனை, கோட்டை கோட்டையாகப் பிடித்தவள், முழங்கால் ஆழக் குளத்தில் செத்துப்போனாள். முங்கி எழுந்ததும் மூச்சு விடுகிறேன் என்று டாக்டர் சொல்லவில்லை.

"அதைக்கூடவா சொல்லணும்?" என்று டாக்டர் கேட்டார்.

"நீங்க சொல்லலையே," என்றார் மாஸ்டர், ஆபீஸில் விதவைகளிடம் சொல்கிற அதே கனிவோடு.

இந்த வாரம் பேய்க்கதை. அதற்குத்தான் இந்த வீடு. சாவி கொண்டுவந்தவர் மாஸ்டரின் மனைவிக்குத் தம்பி. ஆட்டத்தில் திருடன், தொழிலில் வீட்டு புரோக்கர்; இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக டாக்டர் அறிவித்திருந்தார்.

"சும்மா கிடக்கிற வீடு மாமா," என்றார் மச்சான், பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டே. "ஒருத்தனும் வாடகைக்கு எடுக்க மாட்டேங்குறான். உங்க கதைக்கு இதைவிட வேற என்ன வேணும்?"

கதவு திறந்ததும் வாடை முதலில் வந்தது. ஈரச் சுண்ணாம்பு, எலி, வெகுநாள் பூட்டிய அலமாரியில் மடித்து வைத்த துணி. கூடத்தில் ஒரு மேசையும் நாலு நாற்காலிகளும் கிடந்தன. ஜன்னல் கண்ணாடியில் மழை வழிந்ததில் மத்தியானம் சாயங்காலம்போல் இருந்தது. கூடத்தின் கோடியில் பழுப்புப் பெயின்ட் அடித்த ஒரு கதவு சாத்தியிருந்தது.

"அந்த ரூம் மட்டும் தொறக்காது," என்றார் மச்சான். "உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"உள்ள தாழ்ப்பாள் போட்டவங்க எப்படி வெளிய வந்தாங்க?" என்று கேட்டார் அக்கா.

அக்கா என்பது மாஸ்டரின் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். வயது வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அக்கா. மாஸ்டரின் வரைபடங்களை நகலெடுக்கும்போதெல்லாம் "இந்த ஊர் எங்க சார் இருக்கு, பஸ் போகுமா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் தானும் ஆட வருவதாகச் சொல்லிவிட்டார். இன்றுதான் முதல் ஆட்டம்.

"ஜன்னல் வழியா வந்திருப்பாங்க," என்றார் மச்சான்.

"அந்த ரூமுக்கு ஜன்னல் இல்லையே. வரும்போது வெளிய பார்த்தேனே, வெறும் சுவர்தான்."

"அக்கா, நான் வீட்டைக் காட்டுறவன். வீட்டைப் பத்தி யோசிக்கிறவன் இல்ல."

சிரித்தார்கள். சிரிப்பு கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

மாஸ்டர் தன் நனைந்த உலகத்தை விரித்துத் தொண்டையைச் செருமினார். கதையிலும் ஒரு பாழடைந்த ஊர், ஒரு வீடு, திறக்காத ஓர் அறை. அறைக்குள் ஒருத்தி இருக்கிறாள். கதவருகே யார் வந்தாலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்று கேட்பாள்: 'நாம போலாமா?' அதற்கு 'நாங்க போறோம்' என்று பதில் சொன்னால் பிழைத்தீர்கள். நாங்கள் வேறு, நீ வேறு என்று ஆகிவிடும். வாய் தவறி 'நாம' என்று சொல்லிவிட்டால், அவளையும் சேர்த்துக்கொண்டதாக அர்த்தம். சொன்னவர் போகிற இடமெல்லாம் அவளும் வருவாள். ஒருநாள், அவள் போகிற இடத்துக்குச் சொன்னவர் போவார்.

அந்தக் கதையூரில் பிறந்த குழந்தைக்குக்கூட இது தெரியும். அக்காவின் வேஷமான விளக்குக்காரி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், அவளுக்கும் தெரியும். ஆனால் அக்காவுக்குத் தெரியாது. மாஸ்டர் அதை அக்காவிடம் சொல்லவில்லை. அக்கா கேட்கவில்லை. இந்தக் கண்ணியை யோசித்த நாளிலிருந்து மாஸ்டர் குளிக்கும்போதுகூடத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

"விளக்குக்காரி கதவுகிட்ட போறா," என்றார் அக்கா ஆசையாக. "காதை வெச்சுக் கேக்குறா."

மாஸ்டர் அந்தக் கணத்தை நீட்ட விரும்பினார். பிளாஸ்க் மூடியிலிருந்த தேநீரை நிதானமாக உறிஞ்சி வாயில் வைத்துக்கொண்டார். மழை சற்று விட்டது. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்.

"நாம போலாமா?"

பெண் குரல். தணிந்த குரல். வெகுநேரம் காத்திருந்த சலிப்பு அதில் இருந்தது.

"ஓ, போலாமே! நாம போலாம்," என்றார் அக்கா உடனே, வீட்டுக்கு வந்தவர்களை வழியனுப்புகிறவர்போல.

"மாமா!" மச்சான் மேசையைத் தட்டினார். "என்ன குரல்! எப்படி மாமா அது? உதடுகூட அசையல!"

டாக்டரும், தன் வீராங்கனை செத்த பிறகு முதல்முறையாக, மனம் விட்டுத் தலையசைத்தார். "ஒத்துக்கிறேன். புல்லரிச்சுடுச்சு."

மூன்று முகங்களும் மாஸ்டரை வியந்து பார்த்தன.

அவர் வாயில் தேநீர் அப்படியே இருந்தது.

விழுங்கினார். இனிமேல்தான் அந்த வரியை அவர் சொல்லவேண்டியிருந்தது. குரலைப் பெண்ணாக்குவதற்கு வீட்டில் முயன்று பார்த்து, மனைவி "ஆட்டுக்குச் சளி பிடிச்சாப்ல இருக்கு" என்று சொன்னதால் கைவிட்டிருந்தார்.

இப்போது சொல்லியிருக்கலாம். 'அது நான் இல்லை' என்று மூன்று சொற்கள். ஆனால் அவர் வாழ்க்கையில் இப்படி மூன்று பேர் ஒன்றாக வாய் பிளந்து பார்த்தது அதற்கு முன்பு நடந்ததில்லை.

"பயிற்சி," என்றார் மாஸ்டர்.

பிறகு, குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டு, 'நாம'வின் கண்ணியை விளக்கினார். அக்காவின் முகம் சுருங்கியது. "அய்யோ சார், எனக்குத் தெரியாதே. நாங்க போறோம்னு மாத்திக்கிறேன்."

"சொன்னது சொன்னதுதான்."

"அநியாயம் பண்ணாதீங்க," என்றார் டாக்டர். "அக்காவுக்குத் தெரியாது, சரி. விளக்குக்காரிக்குத் தெரியும்ல? அந்த ஊர்ல பொறந்தவ அப்படிச் சொல்லவே மாட்டா. 'இப்படிச் சொன்னா இப்படி ஆகும், உனக்குத் தெரியும்'னு அக்காகிட்ட எடுத்துச் சொல்ல வேண்டியது யாரு? அவங்களுக்குக் கண்ணும் காதும் நீங்கதானே?"

"ஆடுறவங்க தப்புக்கு நடத்துறவன் பொறுப்பாக முடியாது, டாக்டர். அப்புறம் ஆட்டத்துக்கு என்ன மரியாதை?"

பழுப்புக் கதவின் அந்தப் பக்கம் ஏதோ தரையை உரசிக்கொண்டு எழுந்தது.

மாஸ்டருக்கு மட்டும்தான் கேட்டது. "அவ உங்ககூட வர்றா அக்கா. அடுத்த வாரம் தொடரலாம்," என்று அவசரமாக உலகத்தைச் சுருட்டினார்.

வாசலில் எல்லோரும் குடை விரித்தார்கள். அக்கா கடைசியாக வந்தார். படியிறங்கிய பிறகு, கையை நீட்டிக் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார், பின்னால் இன்னும் ஒருவர் வரவேண்டியிருப்பதுபோல. பிறகு குடையைச் சற்று இடப்பக்கம் சாய்த்துப் பிடித்து நடந்தார். அவருடைய வலது தோள் நனைந்துகொண்டே போனது.

மாஸ்டர் பார்த்தார். வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாரத்தின் நடுவில் ஒரு நாள், நகலெடுக்க எதுவும் இல்லாமலே அவர் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அக்காவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. கல்லாவுக்குப் பின்னால், எப்போதும் ஒற்றை ஸ்டூல் கிடக்கிற இடத்தில் இரண்டு கிடந்தன.

"சாப்பிட்டீங்களா அக்கா?"

"நாம சாப்பிட்டாச்சு சார்."

மாஸ்டர் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சார், ஒண்ணு கேக்கவா? தப்பா எடுத்துக்காதீங்க." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு அந்தக் குரல், அது நீங்கதானே?"

"ஏன்?"

"வீட்டுல கேக்குது. பாத்திரம் கழுவும்போது, தலை சீவும்போது. என் மண்டைதான் சரியில்ல, உங்க குரல் மனசுல அப்படியே பதிஞ்சுபோச்சுன்னு நினைச்சுக்கிறேன். நீங்கதான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, சிரிச்சுட்டு விட்டுடுவேன். நீங்க இல்லேன்னா..." அவர் இரண்டாவது ஸ்டூலைப் பார்க்காமல் இருக்கச் சிரமப்பட்டார். "நீங்க இல்லேன்னா, நான் நிஜமாவே யாருக்கோ சரின்னு சொல்லியிருக்கேன் சார். எப்பப் போலாம்னு வேற கேக்குது. தூக்கமில்லாத அசதியில ஞாயித்துக்கிழமைன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அதோடு மச்சானின் முகமும் வந்தது. உண்மை வெளியே வந்தால் அடுத்த குடும்ப விசேஷத்தில் மச்சான் 'பயிற்சி' என்ற சொல்லை எத்தனை விதமாகச் சொல்வார் என்று அவர் காதில் ஒலித்தது.

"நான்தான் அக்கா," என்றார். "கவலைப்படாதீங்க."

ஒரு கெட்ட செய்தியை ஆறுதலாக மாற்றிவிட்ட திருப்தியோடு தெருவில் இறங்கினார். முதுகுக்குப் பின்னால் அக்கா யாரிடமோ சொல்வது கேட்டது.

"பார்த்தியா, அது சார்தானாம்."

யாரோ சிரித்தார்கள்.

சனிக்கிழமை டாக்டர் போன் செய்தார். "அக்கா கடையைச் சாத்திட்டாங்க. வீட்டுக்குப் போனேன். பையில துணி எடுத்து வெச்சுக்கிட்டு இருக்காங்க. எங்கன்னு கேட்டா, தெரியலையாம். 'நாம போறோம்'ங்கிறாங்க. பக்கத்துல யாருமே இல்ல, மாஸ்டர்."

"நான் என்ன பண்ண முடியும்?"

"நாளைக்கு அதே வீட்டுல உக்காருவோம். அக்கா சொன்னது செல்லாதுன்னு நீங்க சொல்லணும்."

"விதின்னு ஒண்ணு..."

"விதி நீங்க போட்டது. வேற யாரும் எடுக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மழை இல்லை. இருந்தும் வெளிச்சம் வீட்டுக்குள் வராமல் வாசலோடு நின்றுகொண்டது. பழைய வாடையோடு இப்போது ஈரத் தலைமுடியின் வாடையும் இருந்தது. அக்கா மடியில் பையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்போல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் எழுந்து நின்றார். "சென்ற வார அமர்வில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது."

"யாருக்கு நேர்ந்துச்சு?" என்றார் டாக்டர்.

"பொதுவா நேர்ந்துச்சு."

"நாம போலாமா?"

இந்த முறை எல்லோரும் மாஸ்டரின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சாத்தியிருந்தது.

"மாமா," மச்சான் கிசுகிசுத்தார். அவர் முகத்தில் நகைச்சுவை இல்லாமல் மாஸ்டர் பார்ப்பது அதுவே முதல் தடவை. "நீங்கதானே மாமா? பயிற்சிதானே?"

அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"உக்காருங்க அக்கா, உக்காருங்க," என்றார் மாஸ்டர். ஆபீஸில் பெரிய தவறு நடந்தால் மேலதிகாரி எப்படிப் பேசுவாரோ அப்படியே வந்தது. "இதுல ஒருத்தரைச் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. போன வாரம் நாம எல்லாருமே கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம். நாம எல்லாரும் சேர்ந்துதான் இதுக்குப் பொறுப்பு."

"ம்," என்றது கதவின் அந்தப் பக்கம்.

ஆமோதிக்கிற 'ம்'. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர் போடுகிற 'ம்'.

தாழ்ப்பாள் விலகியது.

துருப்பிடித்த இரும்பு, கொஞ்சம் கொஞ்சமாக, உள்ளிருந்து. கதவு ஒரு கை அகலம் திறந்தது. உள்ளே தெரிந்த இருட்டு கூடத்து இருட்டைவிடப் பழையது. அக்கா நடந்துபோய்க் கதவில் கையை வைத்தார். டாக்டர் பாய்ந்து இன்னொரு கையைப் பிடித்து இழுத்தார். அக்கா மெலிந்தவர், ஆனாலும் டாக்டரின் செருப்பு தரையில் வழுக்கிக்கொண்டு போனது.

"நான்னு சொல்லுங்க மாஸ்டர்!"

அவர் முயன்றார். 'நான்' என்ற சொல்லை அவர் அன்றாடம் ஆசையோடு பயன்படுத்துகிறவர்தான். தப்போடு சேர்த்துச் சொல்லிப் பழக்கமில்லை.

அக்காவின் தோள் இருட்டுக்குள் போயிற்று.

"நான்..." என்றார். "அந்தக் குரல் நான் குடுக்கல. வாயில டீ இருந்துச்சு. நீங்க பாராட்டினீங்க, நான் வாங்கிக்கிட்டேன். கடையில கேட்டப்பவும் பொய் சொன்னேன். விளக்குக்காரிக்குத் தெரிஞ்சதை அக்காவுக்குச் சொல்ல வேண்டியது நான், சொல்லல. தப்பு என்னோடது. அக்கா சொன்னது செல்லாது. செல்லாது, செல்லாது!"

இழுத்துக்கொண்டிருந்த பாரம் விட்டுப்போனதில் டாக்டரும் அக்காவும் சேர்ந்து பின்னால் விழுந்தார்கள். அக்கா தன் தோளிலிருந்த பையைப் புரியாமல் பார்த்தார்.

"இதை ஏன் நான் தூக்கிட்டு வந்தேன்?" என்றார்.

'நான்' என்றார். டாக்டர் அழுதுவிட்டார்.

மச்சான்தான் துணிந்து கதவை முழுக்கத் தள்ளினார். வெறும் அறை. ஜன்னல் இல்லை. தரையில் தூசி படுக்கை விரிப்புபோல் கலையாமல் கிடந்தது. ஒரு சுவடுகூட இல்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஏறக்குறைய ஓடிவந்தார்கள். கேட்டைத் தாண்டியதும் மச்சானுக்கு உயிர் திரும்பியது. "பயிற்சி!" என்றார் மாமாவின் தோளைத் தட்டி. மாஸ்டருக்கு அது அவ்வளவாக வலிக்கவில்லை. அக்கா வெயிலுக்குக் குடையை நேராகப் பிடித்து நடந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் மட்டும் யோசனையாக நின்றார். "அதுக்கு முன்னாடி ஒண்ணு சொன்னீங்களே, மாஸ்டர். 'நாம எல்லாருமே'ன்னு."

"அது சும்மா பேச்சுக்கு."

"அது 'ம்'னுச்சே."

மாஸ்டர் திரும்பிப் பூட்டிய வீட்டைப் பார்த்து, "செல்லாது," என்றார். இன்னொரு தடவை உரக்கச் சொன்னார். ஆடுகிறவர்களின் தப்பை எடுத்துவிட நடத்துகிறவர் இருக்கிறார். நடத்துகிறவரின் தப்பை எடுத்துவிட அவருக்கு மேலே யாரும் இல்லை.

அன்றிலிருந்து மாஸ்டரால் தனியாகக் குளியலறைக்குப் போக முடியவில்லை. மனைவி வெளியே நின்று, அவர் கூப்பிடும்போதெல்லாம் குரல் கொடுக்க வேண்டும். "சின்னப் பிள்ளைகூட இப்படிப் பண்ணாதுங்க," என்று தலையில் அடித்துக்கொண்டாலும் அந்த அம்மாள் நின்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாஸ்டர் உள்ளேயிருந்து, "இருக்கியா?" என்றார்.

"ம்."

"பயமா இருக்குடி. வெளிய சொல்லிக்க முடியல."

"ம்."

"உன் தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"ம்," என்றது குரல் இதமாக, கதவோடு கதவாக.

அப்போது வாசல் பூட்டில் சாவி திரும்பியது. காய்கறிப் பையைச் சமையலறை மேடையில் வைக்கிற சத்தம். "என்னங்க, எங்க இருக்கீங்க?" என்றார் மனைவி தூரத்திலிருந்து. "கடையில ஒரே கூட்டம், இப்பதான் வர்றேன்."

மாஸ்டர் கதவைத் திறந்துகொண்டு கூடம்வரை ஓடினார். அவர் பேண்ட் போட்டிருக்கவில்லை.